கோயிலுக்குள்ள போய் இருங்கோ

அக்கா,

மருந்துக்கடையில் இனாமாகத் தந்த நாட்காட்டி குசினிச் சுவரில் தொங்குகிறது. இன்று காலை தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்துவிட்டு மாதத் தாளைப் புரட்டினேன். ஒக்டோபருக்கு அந்த நகரத்தின் படத்தைப் போட்டிருக்கிறார்கள். ஆறு, ஆற்றுக்கு மேலே மேட்டில் ஏறி நிற்கும் கிறிஸ்தவக் கோயில், அதன் இரண்டு கோபுரங்கள். கரியேறிக் கிடந்த வீடுகளுக்கெல்லாம் புதுச் சாயம். நாங்கள் பார்த்தபோது இல்லாத ஒரு நடைபாலம் ஆற்றைக் கடந்து போலந்துக்குப் போகிறது. அதன் நடுவில் ஒருத்தி ஐஸ்கிரீமைச் சுவைத்தபடி குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறாள். காவல் இல்லை, தடுப்பு இல்லை, எங்கே போகிறாய் என்று கேட்க ஆளில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தாளைக் கிழித்திருப்பேன். கேத்தல் கொதித்து ஓயும்வரை அப்படியே நின்றேன்.

அந்த நகரத்தின் பெயரை அதற்குப் பிறகு நீங்கள் ஒருநாளும் சொல்லவில்லை. ‘அங்க’ என்பீர்கள், அவ்வளவுதான். நானும் இங்கே எழுதவில்லை. நைசே ஆற்றின் கரையில் ஒரு பழைய நகரம் என்பது போதும்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அத்தான் கொழும்பில் தடுப்புக் காவலில் இருந்தபோதே உங்கள் அண்ணன் உங்களை இங்கே ஜெர்மனிக்கு அனுப்பிவிட்டார். மன்னாரிலிருந்து தனியாக வந்து, எங்கள் ஊர் எல்லையிலிருந்த அகதிகள் விடுதியில் ஒரு கட்டிலும் ஒரு அலுமாரியுமாக இருந்தீர்கள். கையிலிருந்தது டுல்டுங் என்கிற தற்காலிகத் தாள். அதை வைத்துக்கொண்டு மாவட்டத்தைத் தாண்டக்கூடாது. அத்தான் வெளியே வந்து, மொஸ்கோ, கியேவ் என்று மாதக்கணக்கில் அடைபட்டுக் கிடந்து, கடைசியில் போலந்துக்கு வந்துவிட்டார். ஆறு ஒன்றுதான் பாக்கி என்றான் ஆட்களை எல்லை கடத்திவிடும் ஏஜென்சிக்காரன்.

அந்த அழைப்பு எங்கள் வீட்டுத் தொலைபேசிக்குத்தான் வந்தது. ஆற்றைக் கடந்ததும் ஆளை ரயில் நிலையத்தில் நிற்கச் சொல்கிறேன் என்றான் ஏஜென்சிக்காரன். நீங்கள் விடவில்லை. அத்தானிடம் கொடுக்கச் சொல்லி, ஒரு காதைப் பொத்திக்கொண்டு கதைத்தீர்கள்.

“ஸ்டேசன் வேண்டாம், அங்க பொலிஸ் நிக்கும். ஆத்தைத் தாண்டினவுடன ரெண்டு கோபுரம் தெரியுமாம். நேர கோயிலுக்குள்ள போய் இருங்கோ. கோயிலுக்குள்ள ஒருத்தரும் பிடிக்க மாட்டினம். நான் காலமை வந்திடுவன்.”

பக்கத்தில் நின்ற எனக்கோ என் கணவருக்கோ அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. நீங்கள் வளர்ந்த இடத்தில் இராணுவச் சுற்றிவளைப்பு என்றால் சனம் பாயும் பானையுமாகப் போய் இருப்பது கோயிலுக்குள்தான். பங்குச் சுவாமியார் வாசலில் நிற்பார். எந்த நேரம் ஓடினாலும் கதவு திறந்திருக்கும். கோயிலுக்குப் போ என்று நாங்கள் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதே இல்லை. அது வாயில் தானாக வரும்.

விடியுமுன் புறப்பட்டோம். பிடிபட்டால் ஒருவராவது பிள்ளையோடு இருக்கவேண்டும் என்று என் கணவர் வீட்டில் நின்றுவிட்டார். நான் லைசென்ஸ் எடுத்துச் சில மாதங்கள்தான். நெடுஞ்சாலையில் லொறிக்காரர்கள் ஒருவர் விடாமல் ஹோர்ன் அடித்துத் திட்டிவிட்டுப் போனார்கள். நீங்கள் என்னுடைய சிவப்பு ஜாக்கெட்டைப் போட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டி, கழுத்தில் கமெராவையும் தொங்கவிட்டிருந்தீர்கள். மடியில் ஒரு பை. அதற்குள் அத்தானுக்குக் காய்ந்த உடுப்பு, சப்பாத்து, புட்டும் மீன்பொரியலும்.

“தங்கச்சி, ஊர் பாக்கப் போற ஆக்கள் என்ன செய்வினம்?” என்று கேட்டீர்கள்.

“ஒண்டும் செய்ய மாட்டினம் அக்கா. அதுதான் அவையின்ர வேலை.”

நீங்கள் சிரித்தீர்கள். அன்று நீங்கள் உண்மையாகச் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கோயில் கதவு பூட்டியிருந்தது. இரும்புக் கைப்பிடியை ஒருமுறை இழுத்தீர்கள். பிறகு இரண்டு கையாலும் இழுத்தீர்கள். “பின்னால ஒரு கதவு இருக்கும்” என்று சுற்றி வந்தோம். அதுவும் பூட்டு. நாயோடு வந்த ஒரு ஜெர்மன் அம்மாவிடம் விசாரித்தேன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வாருங்கள் என்றார். அன்று செவ்வாய்க்கிழமை. நான் மொழிபெயர்த்ததை நீங்கள் நம்பவில்லை. திரும்பவும் கேட்கச் சொன்னீர்கள். கேட்டேன். அதே பதில்தான்.

“கோயிலைப் பூட்டுவினமோ? பகலிலயோ?”

எனக்கு என்ன தெரியும், அக்கா. கம்யூனிஸ்ட் ஆட்சி இருந்த பக்கம், சனம் கோயிலுக்குப் போவது குறைவு என்று பிறகு யாரோ விளக்கம் சொன்னார்கள். அந்த விளக்கத்தை அன்று அந்த வாசலில் வைத்துச் சொல்லியிருந்தால் அவர் கன்னத்தில் அறைந்திருப்பேன்.

தெருமுனைத் தொலைபேசிக் கூண்டிலிருந்து ஏஜென்சிக்காரனுக்கு எடுத்தேன். “பிந்தியிருக்கும் அக்கா. பின்னேரம் வரைக்கும் நில்லுங்கோ. ஆனா ஒரு இடத்தில நிக்காதேங்கோ. ஊர் பாக்க வந்தவை மாதிரி ஆறுதலா நடவுங்கோ” என்றான்.

ஆறுதலாக நடந்தோம். அதைப்போல ஒரு நடையை என் வாழ்நாளில் நடந்ததில்லை. வளைவுத் தூண்கள் வரிசையாக நின்ற சந்தைச் சதுக்கம். ஒரு வீடு புதுக் கலியாணப் பொம்பிளை மாதிரி, பக்கத்து வீட்டின் கூரையில் மரம் முளைத்திருந்தது. எங்கும் நிலக்கரிப் புகை மணம். நகரசபைக் கோபுர மணிக்கூட்டில் ஒரு மனிதத் தலை, நிமிடத்துக்கு ஒருமுறை வாயைத் திறந்து மூடியது. பயணிகள் கூட்டமாக அண்ணாந்து பார்க்க, நாங்களும் பார்த்தோம். “பாவம், என்னவோ சொல்ல வெளிக்கிட்டு விழுங்குது” என்றீர்கள். கல்லில் செதுக்கிய பூக்களைக் கை நீட்டிக் காட்டினீர்கள், கதவுகளைப் படமெடுத்தீர்கள், கடைக் கண்ணாடியில் தொப்பி பார்த்தீர்கள். எந்தத் தெருவில் புகுந்தாலும் எப்படியோ கோயில் வாசலுக்கே கொண்டுவந்து சேர்த்தீர்கள். ஒவ்வொரு முறையும் கை அந்த இரும்புப் பிடிக்குப் போனது.

“மெல்லமா அக்கா, பாக்கினம்.”

“சும்மா தொட்டுத்தான் பாத்தனான்.”

மத்தியானம் ஆற்றங்கரைக்கு இறங்கினோம். போரில் தகர்த்த பழைய பாலத்தின் மிச்சக் கற்கள் கரையில் கிடந்தன. இவ்வளவு சின்ன ஆறா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. மறுகரையில் ஒரு பெண் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள், கூப்பிட்டால் கேட்கும் தூரம். ஆனால் மழைத்தண்ணீர் மண்நிறத்தில் வேகமாகப் போனது. அணைக்கட்டில் விழுந்த இடத்தில் இரைச்சல். நீங்கள் தண்ணீரைப் பார்க்கவில்லை, வேண்டுமென்றே வீடுகளைப் பார்த்தீர்கள்.

அப்போதுதான் பச்சைச் சீருடையில் எல்லைக் காவலர் இருவர் நாயோடு வந்தார்கள். உங்களுடைய தாளைக் கேட்டால் எல்லாம் முடிந்தது. நீங்கள் கழுத்திலிருந்த கமெராவைக் கழற்றி, நேரே அவர்களிடம் போய் நீட்டினீர்கள். “பிட்டே, ஃபோட்டோ” என்று ஜெர்மனில் தயவாகக் கேட்டீர்கள். இளையவன் வாங்கினான். கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நிற்கச் சொன்னான், சிரிக்கச் சொன்னான். சிரித்தோம். நல்ல நாள் அமையட்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனான். அவர்கள் வளைவில் மறைந்த பிறகு என் கையைப் பிடித்தீர்கள்.

“அவன்ர முகத்தைப் பாத்தனீரே தங்கச்சி? ராத்திரி ஆரையும் பிடிச்ச முகமாத் தெரியேல்லை.”

அந்த முகத்தை வாசிப்பதற்காகத்தான் போனீர்கள். நான் அதுவரை உங்களை ஒரு பயந்த மனுசி என்று நினைத்திருந்தேன்.

அந்த ஊரில் இயேசுவின் கல்லறையும் உண்டு. ஜெருசலேமில் இருப்பதைப் பார்த்து வந்து, அதே மாதிரி எவரோ முற்காலத்தில் கட்டிவைத்ததாம். ஊர் பார்க்க வந்தவர்கள் அதைப் பார்க்காமல் போகமாட்டார்கள் என்று அங்கேயும் போனோம். குனிந்து நுழையும் சின்ன வாசல். உள்ளே போன உங்களை வெகுநேரம் காணவில்லை. நானும் குனிந்து எட்டிப் பார்த்தேன். கல்மேடையில் உள்ளங்கையை வைத்தபடி நின்றீர்கள்.

“வெறுமையாக் கிடக்கு” என்றீர்கள்.

“வெறுமையாத்தானே அக்கா கிடக்கும். அவர் உயிர்த்துப் போனவரெல்லே.”

சைவக்காரி நான் அதைச் சொல்ல, வேதக்காரி நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். “உமக்கு ஞாபகம் இருக்கு. எனக்கு மறந்து போச்சு.”

வெளியே வந்து ஆப்பிள் மரத்தடியில் உட்கார்ந்து அழுதீர்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே அழுதீர்கள். ஊர் பார்க்க வந்தவர்கள் அழமாட்டார்கள் என்று எனக்குச் சொல்ல வாய் வரவில்லை.

பொழுது சாயும்வரை நின்றோம். பையைக் கோயில் வாசலில் வைத்துவிட்டு வரவேண்டும் என்று அடம்பிடித்தீர்கள். “பசியோட வருவார். ஈர உடுப்போட வருவார்.” சரி என்றேன். வேறென்ன செய்ய. கார் அந்த மேட்டை விட்டு இறங்கும்வரை பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

சில கிழமைகளுக்குப் பிறகு கூடவந்த ஒரு பொடியன் ஸ்டுட்கார்ட்டிலிருந்து கதைத்தான். “அண்ணை கடந்திட்டார் அக்கா. கரையில ஏறி நிண்டு சப்பாத்துக்குள்ள இருந்த தண்ணியை ஊத்தினவர். பிறகு கோபுரப் பக்கம் போனார். நாங்கள் மற்றப் பக்கத்தால ஓடிட்டம்.” சுவிசுக்குப் போன இன்னொருவர் அப்படியில்லை என்றார். “அணைக்கட்டுப் பக்கம் தண்ணி இழுத்துக்கொண்டு போட்டுது. கண்ணால கண்டனான்.” இரண்டு பேரும் சத்தியம் செய்தார்கள். பொலிஸ், தேடித்தரும் நிறுவனங்கள், முகாம்கள், எங்கும் அத்தான் இல்லை.

இரண்டாவது ஆளை நம்பியிருந்தால் நீங்கள் ஒருமுறை வாய்விட்டு அழுதிருக்கலாம். அந்தக் கதையில் கோயில் கதவுக்கு வேலையே இல்லை. நான் உங்கள் இடத்தில் இருந்திருந்தால் அதைத்தான் பிடித்துக்கொண்டிருப்பேன். நீங்கள் முதலாவது ஆளை நம்பினீர்கள். அப்படி நம்பினால்தான் அத்தானுக்கு உயிர் இருந்தது. ஆனால் உயிரோடு கரையேறியவர் நீங்கள் சொன்ன இடத்துக்கு நேரே போயிருப்பார், அந்த இரும்புப் பிடியை இழுத்திருப்பார், ஈரக் கையால் தட்டியிருப்பார். ஒவ்வொரு நாளும் அவரை உயிரோடு எழுப்பி, ஒவ்வொரு நாளும் அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினீர்கள். இருபது வருசத்துக்கு மேல். எப்படித் தாங்கினீர்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

கார்த்திகையில் இறந்தவர்களுக்கான பூசைக்கு எல்லாரும் பெயர் கொடுப்பார்கள். நீங்கள் கொடுத்ததில்லை. “அது செத்தவைக்குத்தானே ஃபாதர்” என்று சொல்லிவிட்டு வந்துவிடுவீர்கள். விசா கிடைத்து ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை கிடைத்ததும், எங்கள் ஊர்க் கோயிலைக் கூட்டித் துடைக்கும் பொறுப்பைச் சம்பளம் இல்லாமல் கேட்டு வாங்கினீர்கள். துடைப்பதற்கா வாங்கினீர்கள்? கதவுத் திறப்பு உங்கள் கைக்கு வரும் என்றுதான். வேலைக்குப் போகுமுன் கதவைத் திறந்துவிடுவீர்கள், இருட்டிய பிறகுதான் பூட்டுவீர்கள். உண்டியல் காசு களவு போனபோது பகலிலும் பூட்டச் சொன்னார்கள். நீங்கள் உடைந்த ஜெர்மனில் அந்தக் கூட்டத்தில் எழும்பிக் கத்தியதை இன்றைக்கும் கதைக்கிறார்கள். கடைசியில் உண்டியலைத்தான் அங்கிருந்து அகற்றினார்கள், கதவை ஒருவரும் பூட்டவில்லை.

போன மாசியில் உங்களை அடக்கம் செய்துவிட்டு, எல்லாரும் மண்டபத்தில் கோப்பி குடிக்கப் போய்விட்டார்கள். என்னால் முடியவில்லை. கோயிலுக்குத் திரும்பி வந்து கடைசி வரிசை வாங்கில் இருந்தேன். அத்தான் வருவார் என்று நான் நம்பவில்லை, அக்கா. ஒருநாளும் நம்பியதில்லை. உங்கள் முகத்துக்கு நேரே அதைச் சொல்லாமல் விட்டதுதான் நான் உங்களுக்குச் செய்த ஒரே உபகாரம். அன்று அழுது முடிக்கும்போது வெளியே மம்மலாகி இருட்டத் தொடங்கியிருந்தது. கோயில் பொறுப்பாளர் வந்து விளக்குகளை அணைத்தார். கதவடியில் நின்று, பூட்டலாமா, இன்னும் யாராவது வரவேண்டியிருக்கிறதா என்று கேட்டார்.

ஓம் என்று சொன்னேன், ஒருவர் வரவேண்டும் என்று. அவர் கோயில் திறப்பை என் கையில் தந்துவிட்டுப் போனார். இப்போது காலமையில் நான்தான் போய்த் திறக்கிறேன்.