இந்தியாவுக்கு ஒரு பிடி, இலங்கைக்கு ஒரு பிடி

அக்கா,

இன்றைக்கு உலை வைத்துவிட்டு உன் பிடியரிசித் தகர டப்பாவைத் திறந்தேன். நீ போன நாளிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. வண்டு வராமல் இருக்க நீ போட்டுவைத்த காய்ந்த மிளகாயின் நெடியும் பழைய அரிசி வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறின. முதலில் தும்மல் வந்தது, அப்புறம் கோபம் வந்தது. அழுதிருந்தால் லயத்து வரிசை வீட்டுச் சனம் மெச்சியிருக்கும். எனக்குக் கோபம்தான் வந்தது.

பிடியரிசி நம் வேதக்காரப் பெண்கள் எல்லாரும் போடுவதுதான். சமைக்க அளந்த அரிசியில் ஒரு பிடியை எடுத்துவைத்து, ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கொண்டுபோய்க் கொட்டினால், வேலைக்குப் போக முடியாத கிழடுகளுக்கு உபதேசியார் பங்கிட்டுக் கொடுப்பார். நீ ஒருத்திதான் இரண்டு பிடி போட்டாய்.

"இது இந்தியாவுக்கு. இது இலங்கைக்கு. ரெண்டும் ஒன்ன ஒன்னு மன்னிச்சு சமாதானமா இருக்கணும், கர்த்தரே."

பிறகு அடுத்த காம்பரா வீட்டுக்கே கேட்கிற மாதிரி ஒரு ஆமென். நமக்கே பத்தாத அரிசியில் இரண்டு நாட்டுக்குச் சோறு போடுகிறாயா என்று நான் கேலி செய்வேன். ஒருநாள் அவசரத்தில் ஆமென் சொல்லாமல் மூடியைப் போட்டுவிட்டேன். "முத்திர ஒட்டாத கடுதாசி போய்ச் சேருமாடி?" என்று திட்டினாய்.

இந்த இலங்கை சுதந்திரம் அடைந்த அன்று, தினமும் நம்மை ஆள் எண்ணி வேலைக்கு அனுப்புகிற தேயிலைத் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் கொடி ஏற்றினார்கள். நாமும் கை தட்டினோம். அந்த வருடம் முடிவதற்குள், தாத்தா காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த நாம் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று சட்டம் போட்டார்கள். இருக்க வேண்டுமென்றால் எழுதிக் கொடுத்து, விசாரணைக்கு வந்து நிரூபிக்க வேண்டுமாம். நாம் பிறந்த காம்பராவின் சுவரைப் பெயர்த்துக்கொண்டு போய்க் காட்டவா முடியும்?

அட்டனிலிருந்த விசாரணைக் கந்தோருக்கு நீயும் நானும் ஒரே நாளில் போனோம். அத்தான் இறந்து, நீ என்னோடு வந்து இருந்த காலம் அது. உன் மடியில் உன் பிள்ளையின் ஞானஸ்நானச் சீட்டு இருந்தது. தலைப்பிள்ளைக்குத் தாத்தாவின் ஊர்க் கோயிலில்தான் ஞானஸ்நானம் என்பது நம் குடும்பத்து வழக்கம். அதற்காகச் சில வருடம் முன்னால் கைக்குழந்தையோடு திருச்சிப் பக்கம் போனாய். அங்கே காய்ச்சலில் பிள்ளையைப் பறிகொடுத்து, நீயும் படுத்து, எழுந்து நடக்கவே ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அவன் இருந்தான் என்பதற்கு அந்த ஞானஸ்நானச் சீட்டு ஒன்றுதான் மிச்சம்.

"அத காட்டாத அக்கா. அங்க போனதே அவங்களுக்குத் தெரிய வேணாம்" என்று வாசலில் உன் கையைப் பிடித்துச் சொன்னேன்.

"கோயில்ல எழுதின காயிதம் தங்கச்சி. நம்ம தோட்டத்துப் பேரும் அதுல இருக்கு. கர்த்தர் சாட்சி. இத காட்டாம வேற எத காட்டுறது?"

காட்டினாய். அதிகாரி தேதியைப் பார்த்தார். மொழிபெயர்த்தவர் கேட்டார்: "எத்தன மாசம் அங்க இருந்தீங்க?"

"பதினாலு மாசங்க, ஐயா. புள்ள செத்துப்போச்சுங்க."

பன்னிரண்டு மாதத்துக்கு மேல் நாட்டில் இல்லாதவளுக்கு உரிமை இல்லையாம். பிள்ளை செத்ததை அவர் எழுதிக்கொள்ளவே இல்லை. எனக்குக் கிடைத்தது, உனக்கு இல்லை. ஒரே அம்மா வயிற்றில், ஒரே காம்பராவில் பிறந்த இரண்டு பேரில் ஒருத்தி இந்த நாட்டுக்காரி, மற்றவள் எந்த நாட்டுக்காரியும் இல்லை. அன்று மாலையும் வந்து உலை வைத்து, இரண்டு பிடி போட்டாய். உன் கையைத் தட்டிவிட்டேன். அரிசி தரையெல்லாம் சிதறியது. நீ குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினாய். அதற்கு நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கவே இல்லை.

வருடங்கள் கழித்து, நம்மை யார் வைத்துக்கொள்வது என்று இழுபறி செய்த இரண்டு நாட்டுத் தலைவர்களும் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று நம்மைப் பங்கு பிரித்தார்கள். நீ இந்தியாவின் பங்கில் விழுந்தாய். யாரும் நம்மிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் கோயிலில் எழுந்து, "நம்ம ஜெபம் கேக்கப்பட்டிருச்சு. ரெண்டு நாடும் சமாதானமாயிருச்சு" என்று ஸ்தோத்திரம் சொன்னார். நான் பாதி ஆராதனையில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். இன்று வரைக்கும் அதற்கு நான் வெட்கப்படவில்லை.

நீ வீட்டுக்கு வந்ததும் உன்மேல்தான் பாய்ந்தேன். "நீ கேட்ட சமாதானம் வந்திருச்சு. உன்னையவே வெலையா குடுத்து வாங்கியிருக்காங்க. அவங்க ஒருத்தர ஒருத்தர் மன்னிச்சா நமக்கென்ன? நம்மகிட்ட யாரு மன்னிப்பு கேட்டா?"

நீ கொழுந்துக் கறை படிந்த விரல்களைத் தேய்த்துக்கொண்டே இருந்தாய். "கேட்டா மன்னிக்கிறது சுலுவு தங்கச்சி. கேக்காதவங்களுக்குத்தான் ஜெபம் வேணும்" என்றாய். எனக்கு அப்போதும் ஆத்திரம் அடங்கவில்லை.

உன்னைக் கப்பலேற்றக் காகிதம் வருவதற்கு முன்னால் மார்ச்சளி வந்து உன்னைக் கொண்டுபோயிற்று. கோயிலுக்குக் கீழே, தேயிலை ஓரமாகப் புதைத்தோம். கடைசியாக நீ சொன்னது கர்த்தரைப் பற்றிக்கூட இல்லை. "ரெண்டு புடியையும் நிறுத்திறாத" என்றாய்.

நிறுத்தித்தான் இருந்தேன், அக்கா. இன்றைக்குத்தான் எடுத்தேன். இந்தியாவுக்குப் போட்டுவிட்டேன், உன் பிள்ளையை வைத்திருக்கிற மண் என்று. இலங்கைக்கு எடுத்த பிடி கைக்குள்ளேயே இருந்தது. அந்த அதிகாரியின் பேனா கண்முன் வந்து நின்றது. உலை கொதித்து வழிந்து அடுப்பே அணையப் பார்த்தது. நீ படுத்திருக்கிற மண்ணும் இதுதானே என்று நினைத்த பிறகுதான் விரல் விரிந்தது.

மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நாளைக்கும் இரண்டு பிடி போடுவேன், கோபத்தோடுதான் போடுவேன். அன்றைக்கு உன் கையைத் தட்டிவிட்டதற்கு உன்னிடம் மட்டும் மன்னிப்புக் கேட்கிறேன். அவர்கள் உன்னிடம் வந்து கேட்கட்டும், அப்புறம் பார்க்கலாம்.

அரிசியைப் போட்டு மூடியை மூடிவிட்டேன். ஆமென் மட்டும் இன்னும் சொல்லவில்லை.