கடலாய்வு அறிக்கையில் விடுபட்ட ஐந்து பக்கங்கள்

அனுப்புநர்:
ஐ. தபீதாள், எம்.எஸ்சி.,
விலங்கியல் விரிவுரையாளர் (தற்காலிகம்),
ஏரிக்கரைத் தெரு, சிட்லபாக்கம், சென்னை – 64.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
காஞ்சிபுரம் மாவட்டம்.

பொருள்: கடலில் எண்ணெய், எரிவாயுத் துரப்பணம் – சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கையில் நான் ஒப்பமிட்ட பகுதி உண்மைக்கு மாறாக இருப்பது – மறு ஆய்வு கோருதல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் ஐயா அவர்களுக்கு,

1. கோவளத்துக்குத் தெற்கே கடலில் தோண்டப்படவுள்ள இரண்டாவது சோதனைக் கிணறு பற்றி, வரும் 20ஆம் தேதி தங்கள் முன்னிலையில் மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் நடைபெறுவதாக நாளிதழில் கண்டேன். முதல் கிணற்றுக்குத் தயாரான அதே அறிக்கையே இதற்கும் ஆதாரமாக வைக்கப்பட்டுள்ளது. அதில் கடல்வாழ் உயிரினங்கள் பற்றிய பகுதி என் பெயரில் உள்ளது.

2. 1995 டிசம்பரில் ஒரு தனியார் ஆய்வு நிறுவனம் என்னை அப்பணிக்கு அமர்த்தியது. அப்பகுதி மீனவர் குப்பத்தைச் சேர்ந்த திரு. சவுரிமுத்து என்னைத் தம் படகில் அழைத்துச் சென்றார். கிணறு தோண்டவிருந்த இடத்துக்கு அருகே நீருக்கடியில் ஒரு பாறைத் திட்டு உள்ளது. மீனவர்கள் அதைப் 'பார்' என்பார்கள். அவர் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கி ஆழம் காட்டினார். "இங்க வலை வுட்டா கல்லுல மாட்டிக்கும் டீச்சர், தூண்டில் மட்டுந்தான். சங்கரா குஞ்சு வுடறது இந்த எடத்துலதான்" என்றார். அன்று அங்கே நாற்பத்தொரு படகுகளை எண்ணினேன். இவற்றை ஐந்து பக்கங்களில் எழுதிக் கொடுத்தேன்.

3. அறிக்கை தட்டச்சாகி முடியுமுன்பே கையெழுத்துத் தாளை மட்டும் நிறுவன மேலாளர் திரு. லோகநாதன் கொண்டுவந்தார். "ஜஸ்ட் ஃபார்மாலிட்டி மேடம்" என்றார். ஒப்பமிட்டேன். அவரை நம்பினேன் என்று எழுதினால் அது முழு உண்மையாகாது. படித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். அடுத்த ஆய்வுக்கும் என்னையே அழைப்பார்கள் என்ற ஆசையில் சொல்லவில்லை.

4. சென்ற ஆண்டு துரப்பணக் கப்பல் வந்தது. பாரில் தூண்டில் போட்டிருந்தவர்களைக் காவல் படகு விரட்டியது. சவுரிமுத்துவின் தூண்டில் கயிறுகள் அறுந்து போயின. அவர் புகார் செய்யப் போன இடத்தில், அங்கே மீன்பிடிப்பே இல்லையென அறிக்கை கூறுவதாகச் சொல்லி, அதன் நகல் ஒன்றைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஆங்கிலம் தெரியாததால், அதைப் படித்துச் சொல்லும்படி இரண்டு பஸ் மாறி என் வீட்டுக்கே வந்தார்.

5. அப்போதுதான் நானும் அதை முதன்முதலாகப் படித்தேன். என் ஐந்து பக்கங்கள் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே வரி இருந்தது: "குறிப்பிடத்தக்க மீன்பிடிப்பு ஏதும் காணப்படவில்லை." அடியில் என் பெயர். அதைத் தமிழில் சொல்லி முடிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று. அவர் கோபப்படவில்லை. "அங்க யாருமே மீன் புடிக்கலன்னா, அன்னிக்கு உங்கள இட்டுகினு போனது யாரு டீச்சர்?" என்று மட்டும் கேட்டார். நான் கொடுத்த காப்பித் தம்ளரைத் தொடாமல் எழுந்து போனார்.

6. அந்தக் கிணற்றில் எண்ணெய் கிடைக்கவில்லை, கப்பல் போய்விட்டது. தோண்டிய சேறு பாரின் மேல் படிந்து, இவ்வாண்டு சங்கரா மீன் வரவில்லை என்கிறார்கள். சேறுதான் காரணமென ஆய்வின்றி என்னால் உறுதி கூற இயலாது. ஒரு முறை தவறாகச் சான்றளித்தவள் என்பதால் இதைக் கவனத்துடன் எழுதுகிறேன். நிறுவனத்துக்கு நான் எழுதிய இரு கடிதங்களுக்கும் பதில் இல்லை.

7. ஆகவே, அவ்வறிக்கையை ஏற்காமல், மறு ஆய்வு முடியும்வரை இரண்டாவது கிணற்றுக்கு அனுமதி வழங்க வேண்டாமெனப் பரிந்துரைக்கக் கோருகிறேன். நான் கையால் எழுதிய அந்த ஐந்து பக்கங்களின் நகலை இணைத்துள்ளேன். கூட்டத்தில் சாட்சியம் அளிக்கவும், என் தவறுக்குரிய நடவடிக்கையை ஏற்கவும் தயாராக உள்ளேன்.

8. இக்கூட்டத்துக்கு வரும்படி சவுரிமுத்துவை நேரில் சென்று அழைத்தேன். "காயிதத்துல இல்லாதவன் வந்து இன்னாத்த பேசறது?" என்று மறுத்துவிட்டார். என் அழைப்புக்கு அவர் வரமாட்டார். அதில் அவர்மீது குறையில்லை. தங்கள் அலுவலகத்திலிருந்து அவர் பெயரிட்டு, தமிழில், ஓர் அழைப்புக் கடிதம் அனுப்பும்படி மிகுந்த பணிவுடன் வேண்டுகிறேன். அவருடைய முகவரியைப் பின்பக்கத்தில் எழுதியுள்ளேன்.

இடம்: சிட்லபாக்கம்
நாள்: 3.8.1998

வருத்தத்துடனும் மரியாதையுடனும்,
(ஒப்பம்) ஐ. தபீதாள்