ஜெயப்பிரகாஷ் சார் இல்லாத இயற்பியல்

ஜூலை 1, செவ்வாய்

டியூஷனிலிருந்து என்னைத் துரத்திவிட்டார் ஜெயப்பிரகாஷ் சார். பள்ளியிலும் அவர்தான் எங்களுக்கு பிளஸ் டூ இயற்பியல். அங்கே போர்டில் தலைப்பு எழுதுவதோடு சரி. பாடமெல்லாம் வீட்டு டியூஷனில்தான். நான் கேட்டது ஒன்றே ஒன்று: மின்னூட்டம் கொடுத்த வெற்றுக் கோளத்துக்கு உள்ளே மின்புலம் ஏன் சுழி?

"பரீட்சையில ஏன்னு கேக்க மாட்டான். என்னையே டெஸ்ட் பண்றியா? அவ்ளோ அறிவு இருந்தா நீயே படிச்சுக்கோ, போ."

எல்லோரும் சிரித்தார்கள். என் தோழி இரமும். அஞ்சாம் வகுப்பிலிருந்து என் பக்கத்திலேயே உட்காருகிறவள்!

ஜூலை 2

நானே படித்தால் என்ன?

ஜூலை 4

முடியுமா? புத்தகம் 'எளிதில் நிறுவலாம்' என்கிறது. எளிதிலாம்! காஸ் விதியிலேயே முட்டிக்கொண்டு நிற்கிறேன். பெயிலானால் அப்பா தான் வேலை செய்கிற ஷூ கம்பெனியிலேயே என்னையும் உட்கார வைத்துவிடுவார்.

சாயங்காலம் இரம் வந்தாள். "சார் ஏதோ பேஜார்ல பேசிட்டாரு. ஒரு சாரி சொல்லிடேன், இன்னா இப்போ?"

"நீ சிரிச்சியே, அதுக்கு யாருடி சாரி சொல்றது?"

போய்ட்டாள். போகட்டும்.

ஜூலை 6, ஞாயிறு

என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அப்பா சார் வீட்டுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்.

"எல்லார் எதிர்லயும் மன்னிப்பு கேட்டா சேத்துக்குவாராம். கேட்டுடு மேகலா."

யாரு போகச் சொன்னது உன்னை? எதுக்குப்பா குனிஞ்ச? — கத்திவிட்டேன். அவர் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

ஜூலை 7

போனேன். வாசலில் செருப்புகளுக்கு நடுவே நிற்க வைத்தார். பாடம் முடிந்த பிறகுதான் மன்னிப்பாம். ஜன்னல் வழியே கேட்டது, அதே கோளம். "உள்ளே சுழி. அண்டர்லைன் பண்ணிக்கோ." யாரோ மெல்ல "எப்படி சார்?" என்றார்கள். "அப்படித்தான்!"

நேற்றைய கோபத்தில் அடித்து அடித்து எழுதி எனக்கு அது வந்துவிட்டது. மின்னூட்டம் எல்லாம் வெளி ஓட்டில்தான். உள்ளே எங்கே வளைத்து வரைந்தாலும் அதற்குள் ஒன்றுமே இல்லை. இந்த ஆளுக்கு அது தெரியாது. அதை மறைக்கத்தான் இத்தனை அதட்டல். இவரிடம் எதற்கு மன்னிப்பு?

செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். நானே படிக்கிறேன்.

ஜூலை 9

அப்பா பேசவில்லை. வேண்டாம், பேச வேண்டாம்.

ஜூலை 20

மின்தேக்கி. சனியன் பிடித்த மின்தேக்கி. அழுதேன். பிறகு முதல் வரியிலிருந்து மறுபடி.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இடைத்தேர்வில் ஐம்பதுக்கு இருபத்தேழு. இரம் நாற்பத்தொன்று. "அறிவாளிக்கு இருபத்தேழு" என்று சொல்லி பேப்பரை நீட்டினார் சார். அவரையே பார்த்துக்கொண்டு வாங்கினேன்.

ஷிப்ட் முடிந்து வந்த அப்பா பேப்பரைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"எல்லாம் நீயேவா?"

"ம்."

பேப்பரை மடித்து என் புத்தகத்துக்குள் வைத்தார்.

"அடுத்தது இன்னா பாடம்?"

"காந்தவியல்." முறைப்பாகத்தான் சொன்னேன்.

அவர் எழுந்து போகவில்லை. நான் புத்தகத்தைத் திறந்தேன். சட்டைகூட மாற்றாமல், பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.