தீனா பாஸ்டரின் முறை

என் அருமை மகளுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். பழக்கத்தில் 'எல்லாரும்' என்று எழுதிவிட்டேன். நான் சுகம்.

அம்மாவை அடக்கம் செய்த பிறகு என்னால் பிரசங்கம் செய்ய முடியவில்லை. தொண்டைக்கட்டு என்று சபையாரிடம் சொல்லிவைத்தேன். நம்முடையது தனிச்சபை; வேறு ஆள் அனுப்ப மேலே பிஷப் கிடையாது. ஆனால் நம் வட்டாரச் சபைகளின் ஐக்கியத்துக்குச் செய்தி போய், ஞாயிறுதோறும் ஒரு போதகர் முறைவைத்து நம் சடையங்குப்பத்துக்கு வருகிறார்.

இந்த வாரம் எண்ணூர் தீனா பாஸ்டர். நம் விசுவாசிகளைத் தன் சபைக்கு இழுத்துக்கொண்டார் என்று நான் பேச்சை நிறுத்தியிருந்தேனே, அவர்தான். பிரசங்கம் முடிந்ததும் என் தலையில் கைவைத்து ஜெபித்தார்.

"ஆண்டவரே, எங்க ஐயா ஒண்டியா கீறாரு. நீங்க கூட இருங்க."

தொண்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எத்தனையோ பேர் தலையில் நான் கைவைத்து ஜெபித்திருக்கிறேன். என் தலையில் யாரும் வைத்ததில்லை.

"சாப்பாட்டுக்கு இன்னா பண்றீங்க?" என்று கேட்டார். தன் வீட்டிலிருந்து கொண்டுவந்த மீன்குழம்பை அவரே பரிமாறி, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு, அம்மா போனதிலிருந்து முதல்முறையாக வாய்விட்டு அழுதேன்.

வரும் ஞாயிறும் அவரையே அனுப்பும்படி ஐக்கியத்தில் கேட்டிருக்கிறேன்.

உன்னை நினைத்துக்கொண்டிருக்கும்,
அப்பா