புதுப்பனியில் பூசிய பசை

ஹாலிங்தால், நார்வே, 14 ஜனவரி 1963

அன்புள்ள ஹால்வர்,

கப்பலில் நலமா? இருமல் நின்றதா? இங்கே நான் நலம், உடம்பில் பாதி நீலம் பாரித்திருப்பதைத் தவிர. சிரிக்காமல் கேள்: உன் மனைவி பனிச்சறுக்கு பழகுகிறாள்.

பள்ளிக்கூட வாத்தியார் எம்ப்ரிக் ஞாயிறுதோறும் கற்றுத்தருகிறார். என்னைப் போல இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள்தான் எல்லாரும். முதல் நாளே ஊன்றுகோல்களைப் பிடுங்கி வைத்துக்கொண்டார். “கையை மறந்துடுங்க, சிக்னே. ஒரு கால்ல முழுசா நில்லுங்க, வழுக்கிட்டுப் போங்க, அப்புறம் மத்த கால்” என்றார். பன்னிமாதிரி உருண்டேன். ஆனாலும் வீடு திரும்பும்போது பாடிக்கொண்டே வந்தேன்.

உன் சிக்னே

ராட்டர்டாம், 27 ஜனவரி

அன்பே சிக்னே,

இருமல் நின்றுவிட்டது. வயிற்றெரிச்சல்தான் புதிதாக வந்திருக்கிறது. ஒன்பது குளிர்காலம் நான் கெஞ்சினேன். ‘குளிருது, கால் வலிக்குது’ என்று அடுப்படியை விட்டு நகரமாட்டாய். வாத்தியார் ஒரு வார்த்தை சொன்னதும் சறுக்குக் கட்டையைக் காலில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாயாக்கும். அந்த எம்ப்ரிக்கை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். பல்லைக் காட்டிச் சிரித்தே காரியம் சாதிப்பவன். உன் கால் வாரை அவன்தான் மண்டிபோட்டு மாட்டிவிடுகிறானா? பொறாமைதான், மறைக்க மாட்டேன்.

சரி, பழகுவதென்றால் ஒழுங்காகப் பழகு. புதுப்பனி விழுந்த குளிர்காலையில் என் பெட்டியிலுள்ள குழாய்ப் பசையைக் கட்டையின் அடிப்பக்கத்தில், பாதம் வரும் இடத்தில் தாராளமாகப் பூசு. மேட்டில் நன்றாகப் பிடிக்கும். அவனைக் கேட்காதே, அவனுக்கென்ன தெரியும்.

உன் ஹால்வர்

ஹாலிங்தால், 10 பிப்ரவரி

ஹால்வர்,

நேற்றிரவு புதுப்பனி. காலையில் கடுங்குளிர். நீ சொன்னபடியே பூசினேன். பத்தடி போவதற்குள் பனி அப்பிக்கொண்டு, காலுக்கடியில் அப்பம் அப்பமாக வளர்ந்துவிட்டது. வழுக்கவும் முடியவில்லை, நடக்கவும் முடியவில்லை. எல்லாரும் பார்க்க முகங்குப்புற விழுந்தேன். உதடு கிழிந்துவிட்டது.

எம்ப்ரிக் கட்டையைப் புரட்டிப் பார்த்தார். “உருகி மறுபடி உறைஞ்ச பழைய பனிக்குத்தானே இந்தப் பசை! இன்னிக்குப் பச்சை மெழுகுதானே போடணும்? யாரும்மா இதைப் பூசச் சொன்னது?” என்றார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நானாகத்தான் மாற்றிப் பூசிவிட்டேன் என்றேன். ‘மழை கொட்டும் பெர்கனில் பிறந்தவளுக்குப் பனியைப் பற்றி என்ன தெரியும்’ என்று சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

நடக்கும் முன்பே சறுக்கப் பழகியவன் நீ. உனக்குத் தெரியாதா, ஹால்வர்?

சிக்னே

ஜெனோவா, 25 பிப்ரவரி

சிக்னே,

உதடு ஆறிவிட்டதா? இங்கே ஒரே மழை. அந்தப் பசையைச் சுரண்டி எடுக்க வெகு நேரமாகும், மண்ணெண்ணெய் வேண்டும். நம் வீட்டுச் சமையலறையில்தான் நீயும் எம்ப்ரிக்கும் சுரண்டினீர்களா? அவன் காபி குடித்தானா? எந்த நாற்காலியில் உட்கார்ந்தான்? இதையெல்லாம் நீ எழுதவே இல்லை. எழுதாததுதான் என்னை அரிக்கிறது. நான் வரும்வரை ஞாயிற்றுக்கிழமைகளில் போகாதே. மீதியை நானே கற்றுத்தருகிறேன்.

ஹால்வர்

ஹாலிங்தால், 17 மார்ச்

ஹால்வர்,

உதட்டைப் பற்றி ஒரு வரி, நாற்காலியைப் பற்றி மூன்று வரி. பசையைப் பற்றி நான் கேட்டதற்குப் பதிலே இல்லை. மன்னித்துக்கொள் என்று எழுதுவாய் என்று ஒவ்வொரு நாளும் தபால்காரர் முகத்தைப் பார்த்தேன்.

அந்தப் பசையை நானே சுரண்டினேன், தனியாக. காபியும் நான் மட்டுமே குடித்தேன். எம்ப்ரிக் நம் வாசற்படி ஏறியதில்லை. ஏறியிருந்தாலும் நான் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஒன்பது குளிர்காலம் கெஞ்சினாயா? கல்யாணமான முதல் வருடம் ஒரே ஒரு நாள் கூட்டிப் போனாய். நான் விழுந்து கிடந்தபோது மேட்டின்மேல் நின்று, “பெர்கன்காரிக்குக் குடை பிடிக்கத்தான் தெரியும்!” என்று உன் சிநேகிதர்களிடம் கத்தினாய். அவ்வளவு பேர் சிரித்தார்கள். அதற்குப் பிறகுதான் எனக்குக் கால் வலி வந்தது. எம்ப்ரிக் அழகனென்று நான் போகவில்லை. நான் விழுந்தால் அவர் சிரிப்பதில்லை, அதனால் போனேன். உனக்குத் தெரியாமல் பழகி, ஒருநாள் உன் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். மனம் கேட்காமல் முதல் கடிதத்திலேயே உளறிவிட்டேன்.

ஈஸ்டருக்கு நீ வரும்போது வீடு பூட்டியிருக்கும். ஈஸ்டருக்கு ஊரே செய்வதுபோல ஆரஞ்சும் சாக்லேட்டும் கட்டிக்கொண்டு மேட்டின்மேலுள்ள நம் மலைக்குடிசைக்குப் போகிறேன். மேடு முழுவதையும் இப்போது நானே ஏறிவிடுகிறேன். கூட யார் என்று கப்பலில் உட்கார்ந்து வெந்துகொண்டிருக்காதே, யாரும் இல்லை. என்னிடம் மன்னிப்புக் கேட்க மனமிருந்தால் ஏறி வா. கற்றுத்தரத்தான் வருகிறாய் என்றால் கீழேயே இரு.

சிக்னே