திரை பிடிக்க இரண்டு பேர்

சின்ன காஞ்சிபுரம்,
22-7-2001, ஞாயிறு.

அன்புத் தோழி மகாலட்சுமிக்கு,

உன் ஜாஹ்னவி எழுதுவது. நான் சுகம். நீ சுகமா என்பது நீ போட்ட நாலு வரி போஸ்ட் கார்டிலிருந்து எனக்குத் தெரியவில்லை. சூரத்தில் வெயில், மாமியாருக்கு மூட்டுவலி, உன் வீட்டுக்காரர் லோகேஷ் கடைக்குப் போய் வருகிறார், அவ்வளவுதான். பத்து வருஷம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என் காது வலிக்கப் பேசியவள் நீதானா என்று சந்தேகமாக இருக்கிறது. போன் செய்தால் கடையில் மாமனார் எதிரில் நின்றுகொண்டு ம், ம் என்கிறாய். அதனால்தான் இந்தக் கடிதம். உட்கார்ந்துகொண்டு படி. கையில் காபி டம்ளர் இருந்தால் கீழே வைத்துவிடு.

உன் அப்பா நடிக்கிறார்.

கண்ணைக் கசக்கிக்கொள்ள வேண்டாம், சரியாகத்தான் படித்தாய். பிள்ளையார்பாளையம் கைலாசம், ஓய்வுபெற்ற ஹவில்தார், தறியில் உட்கார்ந்தால் பக்கத்து வீட்டு ரேடியோவின் சத்தத்தைக்கூடக் குறைக்கச் சொல்கிற உன் அப்பா, முகத்தில் அரிதாரம் பூசி, காலில் சலங்கை கட்டிக்கொண்டு கூத்து ஆடுகிறார். நான் அவருக்கு மகளாக நடிக்கிறேன். எனக்கே இன்னும் நம்ப முடியவில்லை.

விஷயம் இதுதான். மேரி மேடம் என்று ஒருவர், வாலாஜாபாத்காரர், நம்மைவிட ஐந்தாறு வயதுதான் பெரியவர். முறையாகக் கூத்துக் கற்றவர். ஓய்வுபெற்ற ராணுவத்துக்காரர்களையும் எங்களைப் போன்றவர்களையும் ஒன்றாகச் சேர்த்து ஞாயிற்றுக்கிழமைகளில் கூத்துப் பயிற்சி நடத்துகிறார். ஏனாத்தூரில் எங்கள் காலேஜ் கேண்டீன் சுவரில் நோட்டீஸ் பார்த்துவிட்டுத்தான் நான் போனேன். நெசவாளர் சங்கத்து மாடி ஹாலில் எட்டுப் பெரியவர்கள், பதினொரு பேர் நாங்கள். பட்டாளத்திலிருந்து வந்து வீட்டில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஊரோடு பேச ஒரு வழி, மேடை கிடைக்காமல் அலைகிற எங்களுக்கு ஒரு மேடை. எங்கள் அம்ருதவல்லி அத்தை மட்டும், ஆறு வருஷம் பரதநாட்டியம் கற்றது இதற்குத்தானா என்று ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

உன் அப்பா சேர வந்தவர் இல்லை. மிலிட்டரியில் சமையல்காரராக இருந்த கோதண்டபாணியைத் தெரியும்தானே? அவரை டி.வி.எஸ்.ஸில் கொண்டு வந்து விடுவதற்காக வந்தார். மூன்று ஞாயிறு கையைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார். நான் பயந்து தூணுக்குப் பின்னாலேயே ஆடினேன். நான்காவது வாரம், ஒரு காட்சியில் பிணமாகப் படுக்க வேண்டியவருக்குக் காய்ச்சல். மேரி மேடம் உன் அப்பாவைக் கூப்பிட்டு, சும்மா ஐந்து நிமிஷம் படுக்க முடியுமா என்று கேட்டார். அவரும் வந்து படுத்தார். காட்சி முடிந்து, டீ வந்து, பஜ்ஜி வந்து, நாங்கள் எல்லோரும் தின்று முடித்த பிறகுதான் அவர் இன்னும் அசையாமல் படுத்திருப்பதை யாரோ பார்த்தார்கள். மேடம் பதறி ஓடினார். உன் அப்பா கண்ணைத் திறக்காமலே, "எழுந்திருக்கச் சொல்லி ஆர்டர் வரலியேமா" என்றார்.

அடுத்த வாரம் படுப்பதற்குத் துண்டோடு வந்துவிட்டார். பாட வைத்துப் பார்த்தால் குரல் மாடியைத் தாண்டித் தெருவுக்குக் கேட்கிறது. இப்போது அவர்தான் முக்கிய வேஷம்.

கதை நாங்களே சேர்ந்து கட்டியது. தென்னேரி மாதிரி ஒரு பெரிய ஏரி. மழைக்காலத்தில் கரை உடையப் போகிறது. கரையைக் காக்கிறவர் கூட்டாளிகள் இரண்டு பேரோடு உயிரை விடுகிறார். மகள் ஓடி வந்து, அப்பாவின் பிணத்தருகே அழுது, அந்த அழுகையாலேயே ஊரை எழுப்பிக் கரையை அடைக்க வைக்கிறாள். அந்த மகள்தான் நான். எனக்கோ அழ வரவில்லை. உன் அப்பாவின் மீசை துடிப்பதைப் பார்த்தால் சிரிப்பு வருகிறது.

இன்னொன்று. கூத்தில் வேஷக்காரர் விடுவிடுவென்று நடந்து வந்து நிற்பதில்லை. இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாக ஒரு துணியைத் திரையாகப் பிடித்துக்கொள்வார்கள். வேஷக்காரர் அதன் பின்னால் நின்று பாடி, ஆடி, எப்போது எப்போது என்று கூட்டத்தை ஏங்கவிட்ட பிறகுதான் திரை விலகும். கோதண்டபாணிக்கு எப்போதும் திரை பிடிக்கிற வேலைதான். தோள் வலிக்கிறது, பிணமாகவாவது போடுங்கள் என்று வாராவாரம் கெஞ்சுகிறார்.

நீ இப்போது என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பு ஆண்டு விழாவை நான் மறக்கவில்லை மகா. நாடகத்தில் நீ ஜோக்கர் சிப்பாய். உன் அப்பாவின் பழைய யூனிஃபார்ம் சட்டையை, நெஞ்சில் மெடல் ரிப்பனோடு, ட்ரங்குப் பெட்டியிலிருந்து கேட்காமல் எடுத்துப் போட்டுக்கொண்டு தொப்பு தொப்பென்று விழுந்தாய். பள்ளிக்கூடமே உருண்டு சிரித்தது. அவர் மேடையேறி வந்து உன் கையைப் பிடித்துத் திருப்பினார். அப்போது பார்த்து ஸ்பீக்கரில் தேசிய கீதம். கையை விட்டுவிட்டு அப்படியே அட்டென்ஷனில் நின்றார். பட்டாளத்துக்காரர் மகளாயிற்றே, நீயும் ஓடாமல் பக்கத்தில் நின்றாய், கண்ணீரில் மை மீசை கரைந்து ஒழுக. ஐம்பத்திரண்டு விநாடி. முடிந்ததும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இழுத்துப் போனதுகூட மறந்துவிடும், ஊர் பார்க்க அப்படி நின்றது மறக்காது என்று நீ எத்தனை முறை சொல்லியிருக்கிறாய். அதன் பிறகு நீ மேடை ஏறவே இல்லை. நம் செட்டில் உன்னைவிட நன்றாக நடிக்கிறவள் யாரும் இல்லை என்று எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும்.

அதனால் கோபப்படு, எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் ஆயுத பூஜையன்று தறியெல்லாம் நிற்கும், அன்றுதான் பெரிய கூத்து. வந்து முன்வரிசையில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டாவது பார். உடனே பதில் போடு.

உன் பதிலுக்காகத் தபால்காரரை வழிமறிக்கப் போகும்,
ஜாஹ்னவி.


சின்ன காஞ்சிபுரம்,
16-8-2001, வியாழன்.

அன்பு மகாவுக்கு,

உன் பதில் கிடைத்தது. 'அவர் ஆடட்டும், என்னைக் கூப்பிடாதே.' ஒரே வரி. முகவரியே அதைவிடப் பெரிதாக எழுதியிருக்கிறாய். சரி, இனி அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று நடந்ததை உனக்கு எழுதாவிட்டால் நான் வெடித்துவிடுவேன்.

நேற்று சுதந்திர தினம் அல்லவா. திருப்புட்குழிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கடைசிக் காட்சியை மட்டும் ஆடிக் காட்டப் போனோம். முதன்முதலாக வெளியாட்கள் முன்னால். நான் பிணத்தருகே மண்டியிட்டு உட்கார்ந்து, சிரிப்பு வராமலிருக்க உதட்டைக் கடித்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கினேன். இரண்டு அடிதான் பாடியிருப்பேன். மைக் செட்டுக்காரர் நிகழ்ச்சி முடிந்துவிட்டது என்று நினைத்துத் தேசிய கீதத்தைப் போட்டுவிட்டார்.

மகா, மூன்று பிணங்களும் எழுந்து நின்றன.

ஜல்லென்று ஒரே சலங்கைச் சத்தம். உன் அப்பாவும் இரண்டு பக்கத்தில் கிடந்த இருவரும், நெற்றியில் ரத்தச் சாயத்தோடு, நெஞ்சை நிமிர்த்தி அட்டென்ஷனில். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தார்கள். திரையைப் பிடித்திருந்த கோதண்டபாணி அதைக் கீழே போடுவதா பிடித்துக்கொண்டே நிற்பதா என்று தெரியாமல் முழித்தார். நானும் எழுந்து உன் அப்பாவுக்கு இடப்பக்கம் நின்றேன். நின்ற பிறகுதான் உறைத்தது, அன்று நீ நின்ற இடம் இது.

பாட்டு முடிந்தது. மற்ற இரண்டு பேரும் சமர்த்தாகத் திரும்பப் படுத்துச் செத்துப்போனார்கள். பிள்ளைகள் கைதட்டினார்கள் பார், கூரை பிய்த்துக்கொண்டது. உன் அப்பா மட்டும் படுக்கவில்லை. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். என் முகத்தில் எதையோ தேடுகிறவர்போல் பார்த்துக்கொண்டே இருந்தார். மேடம் ஓரத்திலிருந்து படுங்கள், படுங்கள் என்று கிசுகிசுத்த பிறகுதான் படுத்தார். அதற்கப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது, பாட்டுதான் மறந்துபோனது.

முடிந்து டீக்கடையில் நின்றபோது, அரிதாரத்தைக்கூடத் துடைக்காமல் உன் அப்பா என்னிடம் வந்தார். "அன்னிக்கு கேசட்டு போட்டது நீதானேமா?" என்று கேட்டார்.

என் கையிலிருந்த டீ அப்படியே கொட்டிவிட்டது. ஆம் மகா. நான்தான். கேசட் போட்டது பி.டி. டீச்சர்தான் என்று இந்த ஆறு வருஷமாக நீ திட்டும்போதெல்லாம் நானும் கூடச் சேர்ந்து திட்டியிருக்கிறேன். மேடை ஓரத்தில் டேப் ரிக்கார்டரும் அதன் முன்னால் மைக்கும் என் பொறுப்பில்தான் இருந்தன. உன் அப்பா உன்னை நோக்கி வருவதைப் பார்த்தேன். தேசிய கீதம் கேட்டால் அவர் நின்றுவிடுவார், அதற்குள் நீ ஓடிவிடலாம் என்று நினைத்துத்தான் போட்டேன். நீ ஓடவில்லை. உன்னைக் காப்பாற்றப் போய், ஊர் முன்னால் நிற்க வைத்துவிட்டேன். அந்த நிற்றல்தான் மறக்காது என்று நீ சொன்ன பிறகு எப்படிச் சொல்வேன்? பயம். நீ என்னோடு பேசாமல் போய்விடுவாய் என்கிற பயம்தான், வேறொன்றும் இல்லை.

அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. எப்படி என்று கேட்டேன். பாட்டு வந்தபோது அவர் முகம் மேடை ஓரத்தைப் பார்த்துத் திரும்பியிருந்ததாம். அட்டென்ஷனில் தலையைத் திருப்பக்கூடாது. "நேராத்தான் பாத்துக்கினு நின்னேன். நேரா நீதான் நின்னுக்கினு இருந்த, கையில கேசட்டு டப்பாவோட. என் பொண்ணு பக்கத்துல நின்னா, அவளப் பாக்கல" என்றார். யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம்கூட. என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, பாரேன்.

பிறகு டீ கிளாஸை உருட்டிக்கொண்டே சொன்னார். தன் கூட்டாளி ஒருவர் எழுபத்தொன்று சண்டையில் பக்கத்திலேயே விழுந்தாராம். அந்த ரிப்பனோடு நீ விழுந்து விழுந்து எழுந்ததைப் பார்த்ததும் கண் இருட்டிவிட்டதாம். "அன்னிக்கு நான் சட்டையத்தான் பாத்தேன். உள்ள இருந்த பொண்ணப் பாக்கல. அவ நல்லா நடிச்சாளாமே, ஊரே சொல்லுது. எல்லாரும் பாத்தாங்க, நான் ஒருத்தன்தான் பாக்கல" என்றார். உன் அப்பா அழுது நான் பார்த்ததில்லை. நேற்றும் அழவில்லை. ஆனால் கண்ணோரத்துச் சாயம் கரைந்திருந்தது.

உனக்கு எழுதச் சொன்னேன். இன்லண்டு லெட்டரில் 'இங்கு இன்னும் மழை இல்லை' என்பதுவரை எழுதிவிட்டு என்னிடமே கொடுத்துவிட்டார். அதையும் உள்ளே வைத்திருக்கிறேன். உன் அம்மா தில்லையம்மாள் சொல்கிறார், இன்று காலை அந்தச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போட்டிருக்கிறாராம்.

இனிதான் முக்கியமான விஷயம். டீக்கடையிலிருந்து நேராக மேரி மேடத்திடம் போனார். வேஷத்தைக் கோதண்டபாணிக்குக் கொடுத்துவிடச் சொன்னார். மேடம் திகைத்துப்போய்க் காரணம் கேட்டார். மகள் வேஷம் போட என் மகளைக் கூப்பிடுங்கள், அவள் வந்தால் நான் பிணமாகக் கண்ணை மூடிக்கொண்டு கிடக்க மாட்டேன், திரை பிடிக்கிறேன் என்றார். "திரை புடிக்கிறவன்தான் வேஷத்த மொதல்ல பாப்பான். ஊரு பாக்கறதுக்கு முன்னாடி நான் பாக்கணும்" என்றார். மேடம் சரி என்றுவிட்டார். கோதண்டபாணி சந்தோஷத்தில் எல்லோருக்கும் மசால்வடை வாங்கிக் கொடுத்தார்.

நான் தியாகம் செய்கிறேன் என்று நினைத்துவிடாதே. என் ஒப்பாரியைக் கேட்டால் பிணத்துக்கே சிரிப்பு வரும். அந்த வேஷம் உன்னுடையது. நவஜீவன் எக்ஸ்பிரஸில் டிக்கெட் இப்போது எடுத்தால் கிடைக்கும், லோகேஷிடம் நானே வேண்டுமானாலும் பேசுகிறேன். பாட்டுகளையெல்லாம் பதிவு செய்து தனிப் பார்சலில் அனுப்புகிறேன். இந்த முறை சரியான கேசட்.

திரைக்கு இரண்டு முனை உண்டு. ஒன்று உன் அப்பா கையில். இன்னொன்றை நான் கேட்டு வாங்கிவிட்டேன். நீ உள்ளே நின்று பாடு. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பாடு, முகத்தை எங்களுக்குக் காட்டாமல் முதுகைத் திருப்பிக்கொண்டுகூடப் பாடு. கை மரத்துப்போனாலும் நீ ஆர்டர் போடும்வரை நாங்கள் இரண்டு பேரும் திரையை இறக்க மாட்டோம். வா மகா.

என்றும் உன்,
ஜாஹ்னவி.