மணத்த அகிலை மணக்கவில்லை என்றது

மழை பொய்க்காத மலைகளும் வற்றாத சுனைகளும் உடைய கருங்குன்ற நாட்டை அறம் வழுவாது ஆளும் அரசியார் நற்கோதை தேவியாரின் திருமுன், நெய்தலங்கரை வேந்தன் ஏறன் சேந்தன் தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை. தங்கள் குடியும் கொற்றமும் நீடு வாழ்க. யாம் என்று எழுத நாணி, நான் என்றே எழுதுகிறேன்.

கடந்த தைத் திங்களில் ஒன்பது நாள் காய்ச்சலில் கிடந்தேன். எழுந்தபின் சோறு வைக்கோல் போலிருந்தது, மல்லிகை மணக்கவில்லை. குறையுள்ள வேந்தன் என்று ஊர் பேசுமே என அஞ்சி, அதை ஒருவரிடமும் சொல்லாது மறைத்தேன்.

பங்குனியில் தங்கள் தூதர் அவியனார், நம் இரு நாட்டு உடன்படிக்கைக்கு அடையாளமாகத் தாங்கள் அனுப்பிய அகிற்கட்டைகளை என் அவையில் புகைத்தார். எனக்கு எதுவும் மணக்கவில்லை. ஒரு கணம் என் மூக்கை ஐயுற்றேன். மறுகணமே அந்த ஐயத்தை விழுங்கி, இது வெறும் விறகு என்றேன். நான் சொன்னதும் அவையோர் அனைவரும் மணமில்லை என்றே சொன்னார்கள்.

அவியனார் மட்டும், "புகை இந்தக் கூடமெங்கும் மணக்கிறது, வேந்தே. தங்கள் உடம்புக்கு ஏதும் நேர்ந்ததோ?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார். பரிவோடு கேட்ட கேள்வி அது. உண்மையைத் தொட்டதனாலேயே எனக்குச் சினம் மூண்டது. அவருடைய தூது மோதிரத்தைக் கழற்ற ஆணையிட்டேன். அறுபது வயது கடந்த அவர் தலையில் அகிற்கட்டைகள் வந்த பேழையை ஏற்றி, எல்லைக்கல் வரை நடக்கச் செய்தேன். வழியெல்லாம் மக்கள் பார்த்து நின்றார்கள்.

சித்திரையில் ஒரு நண்பகலில், நான் அமர்ந்திருந்த இருக்கையின் பின்னே தூபக்காலின் கனல் பட்டுத் திரைச்சீலை கருகிக்கொண்டிருந்தது. வாயிற்காவலன் வெளியிலிருந்து மோப்பம் பிடித்து ஓடிவந்து என்னை இழுத்தான். அதன்பின் மறைக்க முடியவில்லை.

மருத்துவர் நம்பியத்தனார் என் கண்ணைக் கட்டி, உப்பும் புளியும் வேம்பும் தேனும் நாவில் வைத்தார். அனைத்தையும் சரியாகச் சொன்னேன். பின்பு கிராம்பையும் எலுமிச்சைத் தோலையும் மூக்கருகே பிடித்தார், ஒன்றும் தெரியவில்லை. "நாவில் பழுதில்லை. காய்ச்சல் மூக்கினுள் மணம் அறியும் நரம்பைக் கெடுத்திருக்கிறது. நாம் சுவை என்பதில் பெரும்பங்கு மணமே. அதனால்தான் சோறு சப்பென்றிருக்கிறது. எப்போதிருந்து இப்படி?" என்று கேட்டார். தை முதல் என்றேன். அவர் கையிலிருந்த எலுமிச்சைத் தோலைக் கீழே வைத்தார். பிறகு, "அன்று அவையில் அகில் மணத்தது. மணக்கவில்லை என்று நானும் சொன்னேன்" என்று சொல்லித் தலை குனிந்தார்.

அன்றுமுதல் காலையும் மாலையும் கிராம்பு, எலுமிச்சை, வெட்டிவேர், தாழம்பூ என்னும் நான்கையும் ஒவ்வொன்றாக முகர்ந்து, அதன் பழைய மணத்தை நினைவில் தேடச் சொல்லியிருக்கிறார். ஐந்து திங்கள் ஆயிற்று. எலுமிச்சை மட்டும் தொலைவிலிருந்து வருவதுபோல் வருகிறது. கிராம்போ தீய்ந்த தோல்போல் நாறுகிறது. அதுவும் நரம்பு திரும்பும் வழியில் நேர்வதுதான் என்கிறார். முழுதும் மீளும் என்று அவர் உறுதி கூறவில்லை.

தேவியாரே, அவியனார் நல்ல அகிலை மாற்றிவிட்டார் எனத் தங்கள் நாட்டிலும் சிலர் ஐயுறுவதாகவும், அவர் தூதுப் பணியைத் துறந்து வீட்டினுள்ளேயே இருப்பதாகவும் சென்ற கிழமை கேள்வியுற்றேன். அதன்பின் எனக்கு உறக்கமில்லை. அவர் குற்றமற்றவர். தாங்கள் அனுப்பியது மாசற்ற அகில். பொய் சொன்னவன் நான். இதை நேற்று என் அவையில் நின்றுகொண்டே அறிவித்தேன். ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இவ்வோலையைத் தங்கள் அவையில் உரக்கப் படிப்பிக்க வேண்டுகிறேன். வரும் முழுமதி நாள் தொட்டு மூன்று பகல், காவலரும் குடையும் இன்றி, அவருடைய மோதிரத்தோடு எல்லைக்கல்லருகே நிற்பேன். அவரை வரப் பணிக்க வேண்டா. வருவதும் வராமையும் அவர் விருப்பம். வராவிடில் அதுவே எனக்குத் தக்க மறுமொழி.

இனி என் அவையில் வேந்தனை மறுத்து உண்மை சொல்வோரை எவரும் தீண்டலாகாது என்னும் ஆணையோடு, எழுத்தர் துணையின்றி என் கையாலேயே எழுதிச் சுறா முத்திரை இட்டேன்.

நெய்தலங்கரை, புரட்டாசி வளர்பிறை ஆறாம் நாள்.
ஏறன் சேந்தன்.